தொழில்: கூலி

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அரசு மருத்துவமனைகளின் காய்ச்சல் வார்டில் கட்டில் கிடைப்பது கஷ்டம். அந்த நாட்களில் எந்தக் கேஸ் ஷீட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி. டெங்குவா என்று பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. பெயர், வயது, ஊர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். 'தொழில்' என்ற இடத்தில் மட்டும் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: கூலி.

என்ன கூலி? நாற்று நடுகிற கூலியா, மாட்டுத்தொழுவம் கூட்டுகிற கூலியா, சாக்கடை அடைப்பு எடுக்கிற கூலியா, கசாப்புக் கடையில் வேலையா, தண்ணீர் தேங்கிய அஸ்திவாரக் குழியில் கம்பி கட்டுகிற கூலியா? எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கான பதில், ஆய்வகத்தின் பதிலைவிடப் பல நாள் முன்பே கிடைத்துவிடும். அதைக் கேட்க வாய்ப்பும் நேரமும் அதிகம் உள்ளவர் நர்ஸ்தான். ஓ.பி.யில் இரண்டு நிமிடம் பார்க்கிற மருத்துவரிடம் சொல்லாத கதையை, டிரிப் போடக் கை நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும் உங்களிடம் நோயாளி சொல்வார்.

லெப்டோஸ்பைரா ஒரு பாக்டீரியா. சிஃபிலிஸ் கிருமியும் இதுவும் ஸ்பைரோகீட் என்ற சுருள்வடிவக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீளம் 6 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். தடிமனோ சுமார் 0.1 மைக்ரான்தான். இவ்வளவு மெலிந்த உடம்பு கிராம் சாயத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கருந்தள நுண்ணோக்கியின் இருட்டுப் பின்னணியில் வைத்தால்தான், இரு நுனியும் கொக்கிபோல் வளைந்து, சுழன்றுகொண்டே நீந்துவது தெரியும்.

இதன் சொந்த வீடு எலியின் சிறுநீரகம். அங்குள்ள நுண்குழாய்களின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் எலியின் ஆயுள் முழுக்க, இருக்கும். எலிக்கு இதனால் நோய் என்று ஒன்றும் வருவதில்லை. அது போகிற இடமெல்லாம் சிறுநீரோடு கிருமியை விட்டுக்கொண்டே போகும். எலியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மாடு, பன்றி, நாய் எல்லாம் இக்கிருமியைச் சுமக்கின்றன. நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைராக்களில் 250க்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. அவற்றில் பல குறிப்பிட்ட விலங்குகளோடு ஒத்துப்போயிருக்கின்றன. வகைகள் இத்தனை இருப்பதால்தான் ஒரு முறை எலிக்காய்ச்சல் வந்து பிழைத்தவருக்கு இன்னொரு வகையால் மறுபடியும் வரலாம்.

சிறுநீர் காய்ந்து போனால் கிருமி செத்துவிடும். வெயில், உப்பு, அமிலம், பிளீச்சிங் பவுடர், சோப்பு எதையும் அது தாங்காது. ஆனால் நன்னீரும் ஈரமண்ணும் கிடைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பான வயல் நீர், தேங்கிய மழைத்தண்ணீர், தொழுவத்துச் சகதி எல்லாம் அதற்கு ஏற்ற இடம். மழை இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறது: மண்ணில் ஊறிய சிறுநீரைக் கரைத்துத் தெருவெங்கும் பரப்புகிறது, வளைக்குள் தண்ணீர் புகுந்த எலிகளை வீட்டுக்குள் விரட்டுகிறது.

மனித உடம்புக்குள் நுழைய அதற்குப் பெரிய காயம் தேவையில்லை. கீறல் போதும். மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோலும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வும் அதற்கு வழிதான். நடவு செய்கிறவர்களின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிராமத்தில் அதற்கு மருதாணி அரைத்துப் பூசிவிட்டு மறுநாளும் வயலில் இறங்குவார்கள். லெப்டோஸ்பைராவுக்கு அதைவிடச் சௌகரியமான வாசல் கிடையாது.

இந்த நோயின் வரலாற்றையே வேலைகளின் வரலாறாக எழுதிவிடலாம். 1886இல் ஹைடல்பர்க் நகரில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர், காய்ச்சலோடு மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடும் எலிக்காய்ச்சலை இன்றும் வைல் நோய் என்கிறோம். காரணம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் கியூஷூ தீவில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த காமாலைக் காய்ச்சலை ஆராய்ந்த இனாடா, இடோ இருவரும் 1915 வாக்கில் கிருமியைப் பிடித்தார்கள். எலிதான் சுமக்கிறது என்பதும் அவர்கள் குழுவின் கண்டுபிடிப்பே. அதே சமயத்தில், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சேற்றுக்குள் கிடந்த சிப்பாய்களிடம் ஜெர்மானிய மருத்துவர்களும் தனியாக இதே கிருமியைக் கண்டார்கள். சுரங்கம், பதுங்குகுழி, கரும்புத் தோட்டம், நெல்வயல், பன்றிப்பண்ணை என எங்கே மனிதர்கள் ஈரத்தில் நின்று பிழைக்க வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் இந்தக் காய்ச்சலுக்கு ஓர் உள்ளூர்ப் பெயர் இருந்தது.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுநிலையத்தில் இருந்த ஹிதேயோ நோகுச்சியின் கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. லெப்டோஸ்பைரா என்ற பேரினப் பெயரை வைத்தவர் அவர். 1918இல் ஈக்வடாருக்குப் போய், மஞ்சள் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட நோயாளிகளிடமிருந்து ஒரு லெப்டோஸ்பைராவைப் பிரித்தெடுத்து, மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று அறிவித்தார். உண்மையில் மஞ்சள் காய்ச்சல் வைரஸால் வருவது. அவர் எடுத்த கிருமி எலிக்காய்ச்சலுடையது. தன் முடிவைச் சரிபார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போனவர் 1928இல் அக்ராவில் மஞ்சள் காய்ச்சலாலேயே இறந்தார். காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வந்தால் உலகத்தின் தலைசிறந்த ஆய்வாளரே தடுமாறுவார் என்றால், மழைக்கால ஓ.பி.யில் டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். இரண்டே நாளிலும் வரலாம். ஒரு மாதமும் ஆகலாம். ஆகவே "நேத்து எங்கே போனீங்க?" என்று கேட்டுப் பயனில்லை. "போன மாசம் முழுக்க என்ன வேலை பார்த்தீங்க? எங்கேயாவது தேங்கின தண்ணியில இறங்கினீங்களா? காலில புண் இருந்துச்சா? வீட்டுல மாடு, பன்றி இருக்கா? எலித் தொல்லை உண்டா?" என்று கேட்க வேண்டும். வெள்ளத்தில் வீட்டைக் கழுவிவிட்ட பெண்கள் அதை வேலை என்றே சொல்லமாட்டார்கள். "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். தனியாகக் கேட்டால்தான் வரும்.

முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் ஓடுகிறது. குளிரோடு திடீர்க் காய்ச்சல், பிளக்கிற தலைவலி, இடுப்பிலும் கெண்டைக்காலிலும் தாங்கமுடியாத வலி. டெங்குவிலும் உடம்பு வலிக்கும்தான். ஆனால் எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் சதையை லேசாக அழுத்தினாலே காலை இழுத்துக்கொள்வார்கள். சிலரால் நடக்கவே முடியாது. தசை நார்கள் சிதைவதால் ரத்தத்தில் சி.பி.கே. என்ற நொதி உயர்ந்திருக்கும். அடுத்து கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி முழுவதும் சிவந்திருக்கும். ஆனால் பீளை இருக்காது, இமை ஒட்டாது. மெட்ராஸ் ஐ என்று யாராவது ஒதுக்கிவிடக்கூடும். மெட்ராஸ் ஐயில் காலையில் இமைகள் ஒட்டிக்கிடக்கும். இதில் வெறும் சிவப்புதான். காய்ச்சல்காரரின் கண்ணை டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

பெரும்பாலானோருக்கு, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இது இத்தோடு அடங்கிவிடும். மற்றவர்களுக்குக் காய்ச்சல் ஓரிரு நாள் விட்டதுபோல் இருந்து, உடம்பின் எதிர்ப்பணுக்கள் எழும் இரண்டாம் வாரத்தில் திரும்பி வரும். சிலருக்கு இடைவெளியே இல்லாமல் நேராகக் கடுமையான கட்டத்துக்குப் போய்விடும்.

அந்தக் கட்டத்தில் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல், இதயம், மூளையுறை எதுவும் பாதிக்கப்படலாம். இதில் எல்லோருக்கும் கண்ணில் படுவது காமாலை. வேடிக்கை என்னவென்றால், பயமுறுத்துகிற அந்த மஞ்சள் நிறம் தனியாக ஆளைக் கொல்வது அரிது. பிலிருபின் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும்; ஆனால் கல்லீரல் நொதிகள் கொஞ்சமாகத்தான் உயர்ந்திருக்கும். வைரஸ் காமாலையில் அந்த நொதிகள் ஆயிரக்கணக்கில் போகும். எலிக்காய்ச்சலில் கல்லீரல் செல்கள் பெருமளவில் மடிவதில்லை. அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் தளர்ந்து பித்தம் கசிகிறது. பிழைத்தவருக்குக் கல்லீரல் பழையபடி ஆகிவிடும். ஆகவே குடும்பத்தார் கீழாநெல்லிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை சிறுநீர்ப் பையும் மார்பும்.

சிறுநீரகத்தில் இந்த நோய் ஒரு விசித்திரம் செய்கிறது. சிறுநீரகம் செயலிழந்தால் சிறுநீர் குறையும், பொட்டாசியம் ஏறும் என்றுதான் பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே கிருமி தாக்குவது நுண்குழாய்களை. அவை உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்சும் திறனை இழக்கின்றன. அதனால் தொடக்கத்தில் சிறுநீர் தாராளமாகப் போகும், பொட்டாசியமும் கூடவே வெளியேறும். கிரியாட்டினின் மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். "யூரின் நல்லா போகுது சிஸ்டர்" என்று உறவினர் சொல்வதைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடக்கூடாது. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். ஏற்கெனவே இதயத் தசையிலும் அழற்சி இருக்கலாம். பிறகு நீரிழப்பு கவனிக்கப்படாமல் போனால் சிறுநீர் நிஜமாகவே நின்றுவிடும். அப்போது டயாலிசிஸ் தேவைப்படும். அளவுக் குடுவையில் பிடித்து, மணி போட்டு எழுதிய இன்டேக்-அவுட்புட் சார்ட் இந்த நோயில் ஒரு மருந்துக்குச் சமம். 'நார்மல்' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம்.

நுரையீரல்தான் உண்மையில் பயப்பட வேண்டிய இடம். காமாலையே இல்லாமல், லேசான இருமலோடு படுத்திருந்தவர் ஓரிரு நாளில் ரத்தம் துப்பி இறந்துபோகக்கூடும். காற்றறைகளுக்குள் ரத்தம் கசிந்து நிரம்புகிறது. கடும் நுரையீரல் ரத்தக்கசிவு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 1988 முதல் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பகுதியில் மழைக்குப் பின் காய்ச்சலும் ரத்த இருமலுமாக மக்கள் இறந்தபோது, காரணம் தெரியாமல் அதற்கு 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். லெப்டோஸ்பைராதான் என்று உறுதியாகச் சில ஆண்டுகள் பிடித்தன. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். 'மர்மக் காய்ச்சல்' என்று செய்திகள் வந்தன. மாதிரிகளைச் சோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

நுரையீரல் கெடும்போது முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கை. நமது வார்டு சார்ட்டுகளில் அதிகம் பொய் சொல்லும் எண்ணும் அதுதான். காய்ச்சல் 103 இருக்கும், நாடித்துடிப்பு 120 இருக்கும், மூச்சு மட்டும் எல்லாக் கட்டிலிலும் 20 என்று இருக்கும். யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஒரு முழு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ணுங்கள். 20 ஆக இருந்தது 28 ஆனால், எஸ்.பி.ஓ.2 இன்னும் நன்றாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சளியில் ரத்தக்கோடு தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். ரத்த அழுத்தம் குறைந்தவருக்கு டிரிப்பை வேகமாக விடும்போதும் மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு வேண்டிய திரவம் நுரையீரலுக்கு ஆகாததாகிவிடும் நோய் இது.

ஆய்வகம் ஏன் தாமதம் என்று கேட்டால், குற்றம் ஆய்வகத்தினுடையது அல்ல. வழக்கமாகச் செய்யும் ஐ.ஜி.எம். எலைசா சோதனை கிருமியைத் தேடுவதில்லை, எதிர்ப்பணுவைத் தேடுகிறது. அது உருவாகவே 5 முதல் 7 நாள் ஆகும். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் 'நெகட்டிவ்' என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் ரத்தத்தில் பி.சி.ஆர். செய்தால் கிருமியின் மரபுப்பொருளையே காணலாம். கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். மேட் எனப்படும் தரச்சோதனையில் உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று கருந்தள நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெரிய ஆய்வகங்களால்தான் முடியும். ஆகவே ரத்தம் எடுத்த சோதனைக் குழாயின் மேல் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று எழுதாமல் அனுப்பினால் வருகிற முடிவுக்குப் பாதி மதிப்புதான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபைன் என்பவர் பெயரில் மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அறிகுறிக்கு இவ்வளவு, தொற்றுச் சூழலுக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பார்கள். 2004இல் சென்னை மருத்துவர்கள் அதை நம் நிலைமைக்குத் தக்கபடி திருத்தி, மழையையும் அசுத்தமான சூழலோடு ஏற்பட்ட தொடர்பையும் மதிப்பெண்ணில் சேர்த்தார்கள். கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று மட்டும் இருந்தால் அந்த மதிப்பெண் சூனியமாகப் போகும். நோயாளிக்கு மருந்தும் தாமதமாகும்.

மருந்து எளிமையானது, விலையும் குறைவு. லேசான நோய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. கடுமையானதற்குப் பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் நரம்பு வழியாக. சோதனை முடிவுக்குக் காத்திராமல் சந்தேகம் வந்ததுமே தொடங்க வேண்டும் என்பதே வழிமுறை. முதல் டோஸ் போட்ட சில மணி நேரத்தில் சிலருக்கு உடம்பு தூக்கிப்போடும் அளவுக்குக் குளிரும், காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் சரியும். செத்த கிருமிகளின் உடைசல் மொத்தமாக ரத்தத்தில் கொட்டுவதால் வரும் யாரிஷ்-ஹெர்க்ஸைமர் எதிர்வினை அது. சிஃபிலிஸ் நோயாளிகளிடம் முதலில் கண்டது. அரிப்பு, தடிப்பு, முகவீக்கம், மூச்சுக்குழல் இரைச்சல் எல்லாம் இருந்தால் அது ஒவ்வாமை. உடனே அதற்குரிய சிகிச்சை வேண்டும். இரண்டில் எதுவானாலும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் வெறும் குளிர்க்காய்ச்சலைப் பார்த்து ஃபைலின் மேல் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிட்டால், அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்க ஒரு நல்ல மருந்து கிடைக்காமல் போகும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இங்கே வருமுன் எங்கே ஊசி போட்டார்? உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி நம் ஊரில் சர்வசாதாரணம். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது கெடுதல். பிளேட்லெட் குறைந்தவருக்கு இடுப்பில் ஊசி போட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். நோயாளியிடமிருந்து உங்களுக்குத் தொற்றுவது மிக அரிது. தனி அறை தேவையில்லை. ரத்தமும் சிறுநீரும் கையாளும்போது கையுறை அணிவது வழக்கமான விதிதான்.

2015இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்கின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்நோய் வருகிறது. ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள். 2008இல் இலங்கையில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோருக்குச் சந்தேகிக்கப்பட்டது. தடுக்க வழி இருக்கிறதா என்றால், ஓரளவு இருக்கிறது. பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1984இல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு வந்தது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் மீட்புப் பணியாளர்களுக்கு இதைத்தான் கொடுத்தது. இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விதைப்புக் காலத்தில் விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கூடாது. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். நிறைய தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரச் சொல்ல வேண்டும்.

ஆனால் மாத்திரை ஆபத்தான சில வாரங்களுக்குத்தான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதைச் சட்டம் 2013இலேயே தடுத்துவிட்டது, இன்னும் இறக்குகிறார்கள். பூட்ஸும் கையுறையும் தராத முதலாளிக்கு மாற்றாக டாக்ஸிசைக்ளினைக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாக, டிஸ்சார்ஜ் அன்று சொல்ல வேண்டியது ஒன்று. 1993 கடைசியில் தமிழகத்தில் பெருமழை பெய்து, எலிக்காய்ச்சல் பரவி ஓய்ந்தது. அதற்கடுத்த மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்ணின் உள்ளே அழற்சியோடு நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமாக வந்தார்கள். ஆராய்ந்தபோது 70க்கும் மேற்பட்டோரின் கண்நோய்க்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது. காய்ச்சல் விட்டு வாரங்கள், மாதங்கள் கழித்தும் இந்த யுவியைடிஸ் வரும். உரிய காலத்தில் சிகிச்சை எடுத்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்குக் கண் மருத்துவருக்குப் பழைய காய்ச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வீட்டுக்குப் போகிறவரிடம், கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்முன் புள்ளிகள் மிதந்தாலோ உடனே வரச் சொல்லுங்கள். "எனக்கு எலிக்காய்ச்சல் வந்திருந்தது" என்று எந்த மருத்துவரிடமும் சொல்லும்படி, அந்த ஒரு வரியைத் தமிழிலேயே டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.